சர்க்கரைத் தண்ணீர் குடித்த செடி ஏன் நிமிரவில்லை: கடுகையும் தட்டைப்பயறையும் வைத்துச் செய்து பார்த்தது

ஒரு வாரம் வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது தொட்டிகளில் இருந்த இரண்டு தட்டைப்பயறுச் செடிகளும் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. பதற்றத்தில், எங்கேயோ படித்த ஞாபகத்தில், ஒரு தம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கலக்கி ஒரு செடிக்கு ஊற்றினேன். அதற்குள் சர்க்கரை டப்பா காலியாகிவிட்டதால் இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். மறுநாள் காலையில் வெறும் தண்ணீர் குடித்தது நிமிர்ந்து நின்றது. சர்க்கரை குடித்தது இன்னும் துவண்டு கிடந்தது. இரண்டு நாளில் அதன் அடி இலைகள் உதிர்ந்தன.

அந்தச் செடி போனதில் எனக்கு வருத்தம்தான். இலை தானே சமைக்கிற பொருள்தான் சர்க்கரை. அதை நாம் கொடுத்தால் ஏன் வேண்டாம் என்கிறது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த ஏழு வாரம் இதற்கே போனது. என்ன செய்தேன், எங்கே சறுக்கியது, என்ன தெரிந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். யாராவது திரும்பச் செய்து பார்த்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மூன்று டீஸ்பூன் என்றால் கிட்டத்தட்ட 12 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீரில். லிட்டருக்கு 60 கிராம். சர்க்கரையின் மூலக்கூறு எடை 342 என்பதால், லிட்டருக்கு 0.18 மோல். 25 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் கரைசல் ஏறக்குறைய 2.5 மெகாபாஸ்கல் சவ்வூடுபரவல் அழுத்தம் தரும், அதாவது தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் அழுத்தம். அப்படியானால் நான் ஊற்றியது 0.4 மெகாபாஸ்கலுக்கு மேல். பெரும்பாலான செடிகள் மண்ணிலிருந்து இனி தண்ணீர் இழுக்கவே முடியாமல் நிரந்தரமாக வாடிவிடும் எல்லையை 1.5 மெகாபாஸ்கல் என்று வைப்பார்கள். ஏற்கெனவே காய்ந்துபோன மண்ணில் அதில் கால் பங்குக்கும் மேலான இழுவையை என் கையாலேயே சேர்த்திருக்கிறேன். வேரிடமிருந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள அது போதும். போதாதற்கு மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைக் கண்டதும் பெருகி, வேருக்கு வேண்டிய ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் தின்றுவிடும்.

விடை கிடைத்துவிட்டது என்று இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கில் சர்க்கரை வெறும் உப்பு மாதிரி, தண்ணீரை இழுக்கும் ஒரு பொருள் மட்டும்தான். செடிக்குச் சர்க்கரை என்றால் அவ்வளவுதானா? அது சர்க்கரை என்பது செடிக்குத் தெரியுமா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தண்ணீரை அதே அளவுக்கு இழுக்கும், ஆனால் செடி சர்க்கரையாக எடுத்துக்கொள்ளாத ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சோதனைக்கூடங்களில் இதற்கு மானிட்டால் அல்லது சார்பிட்டால் பயன்படுத்துவார்கள். எனக்குச் சார்பிட்டால் தூள் கிடைத்தது. அதன் மூலக்கூறு எடை 182, எளிய சர்க்கரையான குளுக்கோஸுடையது 180. கிட்டத்தட்ட ஒரே எடை போட்டால் ஒரே எண்ணிக்கை மூலக்கூறுகள். ஆகவே ஒரே இழுவை. ஆப்பிள், பேரி குடும்பத்து மரங்கள் சார்பிட்டாலையே உணவாக அனுப்பிக்கொள்ளும். அதனால் அந்தக் குடும்பத்தில் இந்தச் சோதனை செல்லாது. கடுகுக்குச் செல்லும்.

கடுகை எடுத்ததற்குக் காரணம் உண்டு. செடி சர்க்கரையை எப்படி உணர்கிறது என்பதைப் பற்றிய பெரும்பாலான கண்டுபிடிப்புகள் அராபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடியில் நடந்தவை. அது கடுகுக்குச் சொந்தம். கடுகு வேகமாக முளைக்கும், நிறைய விதை கிடைக்கும்.

முதல் முயற்சி: டிஷ்யூ தாளும் பூஞ்சணமும்

சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் டிஷ்யூ தாள் மடித்து, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் குளுக்கோஸ் கரைசல், ஒன்றில் சார்பிட்டால் கரைசல் ஊற்றி, ஆளுக்கு முப்பது விதை தூவினேன். நான்காம் நாள் குளுக்கோஸ் டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை. விதைகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி பூஞ்சணம். சார்பிட்டாலில் கொஞ்சம் இருந்தது, தண்ணீரில் இல்லவே இல்லை. குளுக்கோஸில் முளைகள் செத்ததற்குக் காரணம் சர்க்கரையா பூஞ்சணமா என்று சொல்ல வழியே இல்லை. எல்லாவற்றையும் கொட்டினேன்.

அதே சமயம் இன்னொரு தவறும் கண்ணில் பட்டது. நான் வாங்கிய குளுக்கோஸ் தூள் நீர் சேர்ந்த வகை. லேபிளில் சின்ன எழுத்தில் மோனோஹைட்ரேட் என்று இருந்தது. அதன் மூலக்கூறு எடை 198. நூறு கிராமில் ஒன்பது கிராம் வெறும் தண்ணீர். நான் 180 என்று வைத்துக் கணக்குப் போட்டதால் குளுக்கோஸ் கரைசல் சார்பிட்டாலைவிட நீர்த்திருந்தது. இரண்டையும் ஒப்பிடுவதே இந்தச் சோதனையின் உயிர் என்பதால் இந்தத் தவறை விடக்கூடாது. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். வைட்டமின், கால்சியம், சுவையூட்டி சேர்த்த குளுக்கோஸ் பொடிகள் வேண்டாம்.

இரண்டாம் முயற்சி: அகார்

இந்த முறை கிருமிநீக்கம் செய்து, அகார் கூழில் வளர்த்தேன். 250 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் அகார். ஒரு பாட்டிலில் அது மட்டும். இரண்டாவதில் கூடவே 11 கிராம் குளுக்கோஸ் மோனோஹைட்ரேட். மூன்றாவதில் 10.1 கிராம் சார்பிட்டால். இந்த இரண்டிலும் லிட்டருக்கு 0.22 மோல், அதாவது 0.55 மெகாபாஸ்கல் இழுவை. அராபிடாப்சிஸில் வழக்கமாக 6 சதவீத குளுக்கோஸ் வைப்பார்கள். பூஞ்சணம் வருவதற்கு முன் பார்த்தவரை, அந்த அளவில் என் கடுகு முளைக்கவே தயங்கியது. அதனால் 4 சதவீதத்துக்கு இறங்கினேன்.

உரம் எதுவும் சேர்க்கவில்லை. தெரிந்தேதான். நைட்ரேட் தாராளமாக இருந்தால் சர்க்கரையின் தடுப்பு விளைவு குறைந்துவிடும். செடி கார்பனையும் நைட்ரஜனையும் சேர்த்தே எடை போடுகிறது.

பாட்டில்களைப் பிரஷர் குக்கரில் 15 நிமிடம் வைத்தேன். குக்கர் முழு அழுத்தத்தில் உள்ளே 121 டிகிரி வரை போகும். முதல் தடவை அரை மணி நேரம் விட்டதில் குளுக்கோஸ் பாட்டில் லேசாக மஞ்சளாகிவிட்டது. சர்க்கரை கருகத் தொடங்கியதற்கு அடையாளம். மறுபடி செய்தேன். பாட்டில் மூடியை இறுக்கி மூடக்கூடாது, வெடிக்கும். விதைகளைச் சலவை ப்ளீச்சை நீர்க்கவைத்து அதில் பத்து நிமிடம் ஊறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் ஐந்து முறை அலசினேன். ப்ளீச்சோடு வேறு எந்தத் திரவத்தையும் கலக்காதீர்கள், கையுறை போடுங்கள். விதை தூவ, ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, கை நுழைய இரண்டு ஓட்டை போட்டு, உள்ளே சாராயத்தால் துடைத்துவிட்டு, காற்று அசையாமல் வேலை செய்தேன். ஆறு தட்டு போட்டதில் ஒன்றில்தான் பூஞ்சணம் வந்தது.

மூன்றாம் நாள். தண்ணீர் அகாரில் வேர்கள் நீண்டு ஓடியிருந்தன. மற்ற இரண்டிலும் குட்டை வேர்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வெறும் சவ்வூடுபரவல்தானோ என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் காலை தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சார்பிட்டால் தட்டில் செடிகள் குட்டையாக இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு விதையிலைகளையும் அகல விரித்து, நல்ல பச்சையாக நின்றன. குளுக்கோஸ் தட்டில் விதையிலைகள் கை கூப்பியதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பாதிக்கு மேல் வெளிறிய மஞ்சள். உருப்பெருக்கியில் பார்த்தால் தண்டிலும் இலையின் அடிப்பக்கத்திலும் கத்தரிப்பூ நிறம் ஏறியிருந்தது. ஆந்தோசயனின் என்ற நிறமி அது. சர்க்கரை மிகுந்தால் செடி அதைச் செய்து குவிக்கும்.

இரண்டு தட்டிலும் தண்ணீரின் இழுவை ஒன்றே. ஒளி ஒன்றே. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். செடிக்கு எது சர்க்கரை, எது சர்க்கரை இல்லை என்று தெரிகிறது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

செத்துப்போகவில்லையே என்பதையும் பார்த்தேன். குளுக்கோஸ் தட்டிலிருந்து ஐந்து முளைகளை எடுத்து வெறும் அகாருக்கு மாற்றினேன். மூன்றாம் நாளில் நான்கு முளைகள் பச்சை பிடித்து இலை விரித்தன. அதாவது வளர்ச்சியை நிறுத்தி வைத்திருந்தன, அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது என்ன

அராபிடாப்சிஸில் இந்தக் காட்சி இன்னும் துலக்கமாகத் தெரியும். அதன் விதை கடுகைவிட நூறு மடங்கு வரை லேசானது. சொந்தச் சேமிப்பு குறைவு என்பதால் வெளியிலிருந்து வரும் சர்க்கரைக்கு முழுதாக ஆட்படும். 6 சதவீத குளுக்கோஸில் சாதாரணச் செடி வளர்ச்சி நின்று வெளிறிக் கிடக்க, அதற்கு நடுவில் எது பச்சையாக வளர்கிறதோ அது குளுக்கோஸின் பேச்சைக் கேட்காத செடி. அப்படிப் பொறுக்கியெடுத்த மரபுப் பிறழ்வுச் செடிகளுக்கு ஜின்1, ஜின்2 என்று வரிசையாகப் பெயர் வைத்தார்கள்.

இதில் ஜின்2 என்பது ஹெக்ஸோகைனேஸ்1 என்ற நொதி பழுதான செடி. இந்த நொதியின் அன்றாட வேலை குளுக்கோஸோடு ஒரு பாஸ்பேட்டை ஒட்டுவது. செல் சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுப்பதில் அதுதான் முதல் படி. அப்படியானால் ஜின்2 செடிக்கு வந்த குறை செரிமானக் குறைதானே என்று கேட்கலாம். 2003-ல் தாவர உயிரியலாளர் ஜென் ஷீனின் குழுவினர் இந்தக் கேள்விக்கு அருமையாக விடை கண்டார்கள். பாஸ்பேட் ஒட்டும் திறனை மட்டும் கெடுத்த ஹெக்ஸோகைனேஸை ஜின்2 செடிக்குள் வைத்தார்கள். குளுக்கோஸைப் பிடிக்கும், ஆனால் அதை எதுவும் செய்யாது. அந்தச் செடி மறுபடி குளுக்கோஸின் பேச்சைக் கேட்டது! ஆக அந்தப் புரதத்துக்கு இரண்டு வேலை. ஒன்று சமையல், இன்னொன்று எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பார்த்துச் செல்லின் உட்கருவுக்குச் செய்தி சொல்வது. ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்களை அந்தச் செய்தி தணித்துவைக்கும். சர்க்கரை ஏற்கெனவே குவிந்து கிடக்கும்போது இன்னும் சமைப்பது வீண் என்பது செடியின் கணக்கு. என் குளுக்கோஸ் தட்டின் மஞ்சள் நிறத்தில் நான் பார்த்தது அதைத்தான்.

எனக்கு இதைவிட வியப்பாக இருந்தது ஜின்1-ன் கதை. சர்க்கரைக்குச் செவிடான அந்தச் செடியில் எது பழுது என்று தேடிப் போனால், அப்சிசிக் அமிலம் தயாரிக்கும் ஒரு நொதியில் போய் நின்றது. அப்சிசிக் அமிலம் என்பது வறட்சி ஹார்மோன். மண் காயும்போது செடி அதைச் சுரந்து இலைத்துளைகளை மூடும். ஜின்5-ம் அதே தயாரிப்புப் பாதையில் வேறொரு படி. ஜின்6-ல் பழுதானது அந்த ஹார்மோனின் பேச்சைக் கேட்டு நடக்கும் ஒரு புரதம். சர்க்கரையைத் தேடிப் போனவர்கள் மூன்று முறை வறட்சியின் வாசலில் போய் நின்றார்கள். சர்க்கரை உணர்வும் வறட்சி உணர்வும் ஒரே கம்பியில்தான் ஓடுகின்றன.

அதோடு இன்னும் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். ஸ்னார்க்1 என்ற புரதம் செல்லில் சக்தி வற்றும்போது விழித்துக்கொண்டு, வளர்ச்சிச் செலவுகளை வெட்டி, சேமிப்பை உடைக்கச் சொல்லும். டோர் என்ற புரதம் இதற்கு நேரெதிர். சர்க்கரை இருக்கிறது, வளரலாம் என்று தள்ளும். சுக்ரோஸ், அதாவது நாம் டப்பாவில் வைக்கும் அதே சர்க்கரை, கூடினால் ட்ரெஹலோஸ்-6-பாஸ்பேட் என்ற பொருளும் துளியளவில் கூடும், அது ஸ்னார்க்1-ஐ அடக்கும். விலங்குகளிலும் ஈஸ்ட்டிலும் ஸ்னார்க்1-க்கு உறவுக்காரப் புரதங்கள் இதே வேலையைச் செய்கின்றன. நம் தசைக்குள்ளும் ஒன்று இருக்கிறது.

மூன்றாம் முயற்சி: செடியைக் காயவிட்டுப் பார்ப்பது

அடுத்து மறுபக்கத்திலிருந்து வந்தேன். சர்க்கரை கொடுக்காமல், வறட்சியை மட்டும் கொடுத்தால் செடி எப்போது, எந்த வரிசையில் மாறுகிறது? மூன்று வாரமான ஆறு தட்டைப்பயறுச் செடிகள், ஒரே அளவு தொட்டி, ஒரே மண். மண் மேற்பரப்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடினேன், தண்ணீர் இலை வழியாக மட்டும் போகட்டும் என்று. மூன்றுக்குத் தினமும் இழந்த எடைக்குத் தண்ணீர். மூன்றுக்கு நிறுத்தம். தினமும் ஒரே நேரத்தில் எடை.

இந்தச் சோதனையில் அதிகம் பேசியது தராசுதான். நிறுத்திய தொட்டிகள் முதல் நாள் சராசரியாக 61 கிராம் இழந்தன. அடுத்த நாள் 58. அப்புறம் 41, 23, 13. மண்ணில் இன்னும் ஈரம் கைக்குத் தெரிகிற மூன்றாம் நாளிலேயே செடி குழாயைத் திருகி மூடத் தொடங்கிவிட்டது.

அதே நாள்களில் இலை எவ்வளவு நீரோடு இருக்கிறது என்றும் அளந்தேன். இலையிலிருந்து வட்டமாக வெட்டி உடனே எடை, நான்கு மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு எடை, அடுப்புச் சூட்டில் காயவைத்து எடை. முதல் எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, அதை முழுதாக நனைந்த எடைக்கும் உலர் எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் சார்பு நீர் அளவு. 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இதைச் செய்ய முடியாது. எட்டு பத்து வட்டங்களைச் சேர்த்து நிறுத்தால்தான் நம்பலாம். தண்ணீர் விட்ட செடியில் 91 சதவீதம். காய்ந்தவற்றில் ஐந்தாம் நாள் 84. நீர் இழப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது, இலையின் ஈரமோ கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. தட்டைப்பயறு இதில் கெட்டிக்காரச் செடி. இலை வாடும்வரை காத்திராமல் முன்கூட்டியே துளைகளை மூடிக்கொள்ளும் பயிர் என்று பெயர் வாங்கியது.

துளைகளைக் கண்ணாலும் பார்த்தேன். இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லத் தடவி, காய்ந்ததும் செலோடேப் ஒட்டி உரித்து, கண்ணாடி வில்லையில் ஒட்டினால் இலைத்தோலின் அச்சு கிடைக்கும். 400 மடங்கு பெருக்கத்தில் அவரை விதை மாதிரி இரண்டு காப்புச் செல்கள், நடுவில் பிளவு. முதல் நாள் நான் இலையைப் பறித்துக்கொண்டு போய் மேஜையில் வைத்து நிதானமாகத் தடவினேன். எல்லாத் துளையும் மூடியே இருந்தது, தண்ணீர் விட்ட செடியில்கூட. பறித்த இலை நிமிடங்களிலேயே மூடிக்கொள்கிறது. அதிலிருந்து செடியிலேயே வைத்துத் தடவினேன். நேரமும் முக்கியம், நான் காலை பத்து மணி என்று வைத்துக்கொண்டேன்.

மாவுச்சத்தும் பார்த்தேன். இலையைச் சாராயத்தில் வெளுக்கவைத்து அயோடின் ஊற்றுவது பள்ளிக்கூடத்துச் சோதனைதான். அடுப்பை அணைத்துவிட்டு, கொதித்த தண்ணீருக்குள் சாராயக் கிண்ணத்தை இறக்குங்கள்; தீ எரியும்போது வேண்டவே வேண்டாம். மாலையில் பறித்த தண்ணீர்ச் செடி இலை மைக்கறுப்பாக மாறியது. நான்காம் நாள் வறட்சிச் செடி இலை வெறும் பழுப்பு. துளை மூடியதால் சமையல் குறைந்தது ஒரு காரணம். இருக்கிற மாவுச்சத்தைச் செடியே உடைப்பதும் இன்னொரு காரணம். அராபிடாப்சிஸில் அப்சிசிக் அமிலம் இதற்கென்றே இரண்டு நொதிகளைத் தூண்டும் என்று காட்டியிருக்கிறார்கள். உடைத்து வரும் சர்க்கரை செல்லுக்குள் நீரைப் பிடித்து வைக்கும், வேருக்கும் போகும். தொட்டியில் நான் செய்த தவறைச் செடி செல்லுக்குள்ளே சரியாகச் செய்கிறது. வெளியே இருந்தால் தண்ணீரைப் பறிக்கும் அதே சர்க்கரை, உள்ளே இருந்தால் தண்ணீரைக் காக்கும்.

கடைசி முயற்சி: இலைத்துளைக்குச் சர்க்கரை

ஹெக்ஸோகைனேஸ் காப்புச் செல்களிலும் இருக்கிறது. சர்க்கரை அங்கே சேர்ந்தால் அப்சிசிக் அமிலத்தின் வழியாகத் துளை மூடும் என்று 2013-ல் வந்த ஆய்வொன்றைப் படித்தேன். இலையில் சமைத்த சர்க்கரை வெளியேறும் வேகத்தைவிடக் கூடினால், மிச்சம் நீரோட்டத்தோடு சேர்ந்து துளையின் ஓரத்தில் போய்த் தேங்கும். துளைக்கு அது சமையல் போதும் என்ற தகவல். போதும் என்றால் திறந்திருந்து தண்ணீரை ஏன் இழக்க வேண்டும்? இதை நானே பார்க்காமல் விட மனம் வரவில்லை.

தண்ணீர் விட்ட செடியின் இலைத்துண்டுகளை நான்கு கிண்ணங்களில் அடிப்பக்கம் படும்படி மிதக்கவிட்டேன். தண்ணீர், லிட்டருக்கு 0.1 மோல் சுக்ரோஸ், 0.1 மோல் சார்பிட்டால், 0.2 மோல் சார்பிட்டால். நான்காவது எதற்கு என்றால், இலைச் செல்லின் சுவரில் இருக்கும் ஒரு நொதி சுக்ரோஸை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும். மூலக்கூறுகள் இரட்டித்தால் இழுவையும் இரட்டிக்கும். அந்த ஐயத்தையும் மூடிவிட வேண்டும்.

எண்ணும்போது என் ஆசை கண்ணில் ஏறிவிடக் கூடாது என்று தம்பியைக் கூப்பிட்டு, கிண்ணங்களில் ஊற்றும் வேலையை அவனிடம் விட்டேன். அவன் அ, ஆ, இ, ஈ என்று மட்டும் எழுதி ஒட்டினான். "எண்ணி முடிக்கிற வரைக்கும் எது எதுன்னு கேக்கக் கூடாது அக்கா, சொல்ல மாட்டேன்" என்றான். வெளிச்சத்தில் மூன்று மணி நேரம். துண்டுகளை ஒற்றித் துடைத்து, அடிப்பக்கம் பாலிஷ் தடவி, ஒவ்வொன்றிலும் ஐம்பது துளை எண்ணினேன்.

மூன்று முறை செய்தேன். ஒரு முறை பாலிஷ் ஈரத்தில் பிடிக்காமல் அச்சு குழம்பியது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மற்ற இரண்டு முறையும் ஒரே கிண்ணத்தில்தான் மூடிய துளைகள் அதிகம். முதல் முறை 50-க்கு 34, இரண்டாம் முறை 31. மற்ற மூன்றிலும் 20-ஐத் தாண்டவில்லை, அதிக இழுவை உள்ள நான்காவதிலும்கூட. எண்ணி முடித்துத் தாளை நீட்டினேன். அவன் ஒட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு, "இது சர்க்கரை" என்றான்.

இரண்டே முறைதான், பெரிய சோதனை இல்லை. என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வு சொன்னதை என் மேஜையில் பார்த்துவிட்டேன். தொட்டியில் ஊற்றிய சர்க்கரை இலைவரை ஏறிப்போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. வேர் அதை அவ்வளவாக எடுக்காது. என் செடியைக் கொன்றது மண்ணில் நான் கூட்டிய இழுவைதான்.

இந்தக் கம்பியை வயலுக்குக் கொண்டுபோகும் முயற்சிகளும் நடக்கின்றன. ட்ரெஹலோஸ்-6-பாஸ்பேட் நேராகச் செல்லுக்குள் நுழையாது. வெயில் பட்டதும் அதை விடுவிக்கும்படி ஒரு முன்வடிவத்தைச் செய்து கோதுமையில் தெளித்ததைப் பற்றி, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையமும் ஆக்ஸ்ஃபோர்டு வேதியியலாளர்களும் 2016-ல் எழுதினார்கள். மணியின் அளவு கூடியது, வறட்சிக்குப் பின் தண்ணீர் கிடைத்தபோது செடி நன்றாக மீண்டது. சர்க்கரையைக் கொடுக்காமல், சர்க்கரை இருக்கிறது என்ற சேதியை மட்டும் கொடுக்கிறார்கள்.

காயவிட்ட மூன்று தொட்டிகளுக்கும் ஆறாம் நாள் மாலை தண்ணீர் விட்டேன். வெறும் தண்ணீர், மெதுவாக, மூன்று தவணையில். மறுநாள் இலைகள் விறைத்து நின்றன, ஆனால் தராசில் இழப்பு 30 கிராம்தான். துளைகள் இன்னும் முழுதாக நம்பவில்லை. மூன்றாம் நாள் 57-க்கு வந்தது. நுனியில் ஒரு வாரமாக அசையாமல் மூடிக் கிடந்த குருத்து ஐந்தாம் நாள் பிரிந்தது. அடுத்த தட்டுகளில் குளுக்கோஸோடு நைட்ரேட்டும் சேர்த்து விதை தூவியிருக்கிறேன். இன்று இரண்டாம் நாள், வேர் வெளியே வந்திருக்கிறது.